பந்தைப் பார்க்காத கருவி: ஷாட் டிராக்கர் வாங்க நினைப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாகவே, கோல்ஃப் மட்டைகளின் கிரிப்பை (கைப்பிடி உறையை) மாற்றக் கொடுக்க வருபவர்கள் காசு எண்ணும் நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஷாட் டிராக்கர்னு ஒண்ணு, ஒவ்வொரு அடியும் எவ்வளவு தூரம் போச்சுன்னு தானாவே எழுதிக்குமாமே, அதுல எது நல்லது?" கவுன்ட்டரில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிச் சொல்லி, காலையில் ஒருவருக்குச் சொன்னதையே மாலையில் இன்னொருவருக்கு மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ரேடாரோ கேமராவோ வைத்து, அடித்த கணத்தில் பந்தின் வேகம், கோணம், சுழற்சி எல்லாம் அளக்கும் பெட்டிகள் இருக்கின்றன. அவை லாஞ்ச் மானிட்டர்கள். பயிற்சி மைதானத்தில் வைத்துப் பார்க்கும் சாமான் அது. நாம் இங்கே பேசுவது, 18 ஹோலும் உங்களோடு நடந்து வரும் ஷாட் டிராக்கர். பெயரைக் கேட்டால் பந்தைப் பின்தொடர்வதுபோலத் தோன்றும். உண்மையில் இந்தக் கருவிகள் எதுவும் பந்தைப் பார்ப்பதே இல்லை. உங்களைத்தான் பார்க்கின்றன.

நீங்கள் டீயில் (ஒவ்வொரு ஹோலின் தொடக்க இடத்தில்) நின்று அடிக்கிறீர்கள். அந்த இடம் ஜிபிஎஸ்ஸில் பதிவாகிறது. நடந்து போய் அடுத்த அடியை அடிக்கிறீர்கள். அந்த இடமும் பதிவாகிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கஜமோ, அதுதான் உங்கள் டிரைவ் (டீயிலிருந்து அடிக்கும் முதல் அடி) தூரம் என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் பாதி ஆச்சரியங்கள் ஆச்சரியமாகவே இருக்காது.

உதாரணமாக, பந்து தண்ணீரில் விழுந்தது, நீங்கள் கரையோரம் டிராப் எடுத்து (வேறு பந்தைக் கையால் கீழே விட்டு) அடித்தீர்கள் என்றால், டிரைவ் அந்தக் கரைவரை போனதாகத்தான் கருவி நினைக்கும். பெனால்டி ஸ்ட்ரோக்கை, அதாவது தண்டனையாகக் கூடும் அடியை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பந்து காணாமல் போய் மறுபடி டீக்கே திரும்பி அடித்தால் அதற்குத் தலைகால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை நால்வர் ஆட்டத்தில் "கிம்மி, எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லி நண்பர் கொடையாகக் கொடுத்த அந்த இரண்டடி தூர பட் (குழிக்குள் உருட்டிவிடும் அடி), எந்தப் பதிவிலும் வராது. பயிற்சி வீச்சில் புல்லைக் கொஞ்சம் பலமாகச் சீவிவிட்டால் அது ஓர் அடியாகவே பதிவாகிவிடுவதும் உண்டு. அதோடு, அது காட்டும் தூரம் பந்து காற்றில் பறந்த தூரம் மட்டுமல்ல, உருண்டதையும் சேர்த்துத்தான். மே மாதத்தில் காய்ந்து பாறையாகக் கிடக்கும் ஃபேர்வேயில் (டீக்கும் குழிக்கும் நடுவே புல் வெட்டிய பாதையில்) வந்த எண்ணையும், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சொதசொதத்த தரையில் வந்த எண்ணையும் கூட்டிச் சராசரி பார்த்தால், அந்தச் சராசரி எந்த நாளுக்கும் பொருந்தாது.

சரி, இத்தனை ஓட்டை இருக்கிறதென்றால் எதற்கு வாங்க வேண்டும்?

ஸ்கோர் கார்டு சொல்லாத ஒன்றை இது சொல்லும் என்பதால்தான். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி கொண்டுவந்த 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' கணக்கைத் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011இல் அதைப் பட்டிங்குக்கு எடுத்துக்கொண்டது. அப்புறம் மற்ற அடிகளுக்கும் விரித்தது. கணக்கு எளிது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் குழியில் போட ஒரு டூர் ஆட்டக்காரருக்குச் சராசரியாக எத்தனை அடி (ஸ்ட்ரோக்) ஆகும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஃபேர்வேயில் 100 கஜத்திலிருந்து சுமார் 2.8. கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) 33 அடி தூரத்திலிருந்து சுமார் 2. எட்டடியிலிருந்து சுமார் 1.5. இப்போது 100 கஜத்திலிருந்து அடித்து எட்டடிக்குள் வைத்தீர்கள் என்றால், 2.8இலிருந்து 1.5 போக மிச்சம் 1.3. செலவழித்தது ஒரே அடி. ஆக 0.3 லாபம். அதே பந்து 33 அடி தூரத்தில் நின்றால் 0.2 நட்டம். கிரீனில் விழுந்துவிட்டது என்று கைதட்டிய அடிகூட நட்டக் கணக்கில்தான் ஏறுகிறது. எட்டடி தூர பட்களில் டூர் ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்ற செய்தி வேறு இதில் ஒளிந்திருக்கிறது. தவறவிட்டு, கையிலுள்ள பட்டர் மட்டையை முறைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க.

நல்ல டிராக்கர்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கின்றன. டூரோடு மட்டுமில்லாமல், உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ளவர்களோடும் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பட்டிங்தான் தன் பலவீனம் என்று மூன்று வருடத்தில் நான்கு பட்டர் வாங்கினார் (எல்லாம் எங்களிடம்தான், மறைப்பானேன்). பன்னிரண்டு ரவுண்டு (முழு ஆட்டம்) பதிந்த பிறகு பார்த்தால், பட்டிங் அவர் ஹேண்டிகேப்புக்குச் சரியாகவே இருந்தது. 150 கஜத்துக்கு மேல் அடிக்கும் அயர்ன் மட்டைகளில்தான் அடிகள் கரைந்துகொண்டிருந்தன.

இனி வகைகளுக்கு வருவோம். எங்கள் பார்வையில் கேள்வி 'எது சிறந்தது' என்பதல்ல. ஆடும்போது உங்கள் போன் எங்கே இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து பதிவைத் திருத்துவீர்களா, இந்த இரண்டுதான்.

போனில் கையால் பதியும் ஆப்கள் ஒரு வகை. 18பர்டீஸ், ஹோல்19 போன்றவை. அடிப்படை வசதிகளுக்குக் காசு இல்லை. கூடுதல் புள்ளிவிவரத்துக்குச் சந்தா. ஒவ்வோர் அடிக்கும் போனை எடுத்து, மட்டையைத் தேர்ந்து, தட்ட வேண்டும். முதல் மூன்று ஹோலுக்கு உற்சாகமாகச் செய்வீர்கள். ஏழாவது ஹோலில் ஒரு டபுள் போகி (அந்த ஹோலுக்கு வகுத்ததைவிட இரண்டு அடி கூடுதல்) வந்ததும் போன் பைக்குள் போய்விடும். ஆனாலும் இதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறோம். ஐந்து ரவுண்டு பொறுமையாகப் பதிந்துவிட்டால், நீங்கள் எண்களைத் திரும்பப் பார்க்கிற ஆளா இல்லையா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்தது, கிரிப்பின் நுனித் துளையில் திருகும் சென்சாரும் போனும் சேர்ந்த வகை. ஆர்க்காஸ் இதில் பெயர் பெற்றது. மட்டைப் பைக்குள் இருட்டில் சென்சார் தூங்கும்; மட்டையை உருவி வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொள்ளும்; அடித்த சத்தத்தைப் போனின் மைக் கேட்டு உறுதி செய்யும். அதனால் போன் முன்பக்கக் கால்சட்டைப் பையில் இருந்தாக வேண்டும். இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். மூத்த வாடிக்கையாளர் ஒருவருக்கு இதை அழுத்திச் சொல்லாமல் விற்றுவிட்டோம். அவர் வழக்கம்போல் போனை மட்டைப் பையில் போட்டு, பையைச் சுமக்கும் கேடியிடம் கொடுத்துவிட்டார். கேடி முன்னால் போய்ப் பந்துக்குப் பக்கத்தில் நிற்பவர். சார் பின்னால் வருபவர். பதிவான வரைபடம் கேடி அண்ணன் நடந்த பாதையாக இருந்தது. இரண்டு மாதத்தில் பெட்டி திரும்ப வந்தது. தவறு எங்களுடையது, பணத்தைக் கொடுத்துவிட்டோம். போன் கால்சட்டைப் பையில் இருப்பது பிடிக்காதவர்களுக்கு இடுப்பில் மாட்டும் சிறு கருவி அதே நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் அது தனிச் செலவு.

மூன்றாவது, கைக்கடிகாரம். ஷாட் ஸ்கோப் கடிகாரங்களில், கிரிப்பில் திருகும் டேக்குகளுக்கு பேட்டரியே கிடையாது. மட்டையைப் பிடித்ததும் கடிகாரம் அதை அடையாளம் கண்டுகொள்ளும். மைதானத்தில் போன் தேவையில்லை. ஒவ்வொரு கிரீனிலும் கொடிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பொத்தானை அழுத்தி, எத்தனை பட் என்று சொன்னால் போதும். ஆண்டுச் சந்தாவும் இல்லை. கார்மின் அப்ரோச் கடிகாரங்கள் டேக் இல்லாமலே கை வீச்சை வைத்து அடியைக் கண்டுபிடிக்கும்; ஆனால் எந்த மட்டை என்று நீங்கள் சொல்ல வேண்டும், அல்லது தனியாக சென்சார் வாங்க வேண்டும். வீச்சை மட்டும் நம்பினால் பட் பதிவாகாது. இரண்டையுமே அடிக்கும்போது இலக்குப் பக்கம் இருக்கும் கையில், அதாவது வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில், கட்ட வேண்டும். கடிகாரம் கட்டிக்கொண்டு அடிக்கவே பிடிக்காது என்பவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கடையில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், கேடியோடு நடந்து ஆடுகிறவருக்கு டேக் உள்ள கடிகாரத்தைத்தான் எடுத்து வைக்கிறோம். போனைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தயங்காத, எண்களை அலசிப் பார்ப்பதில் ருசி உள்ள இளைஞர்களுக்கு ஆர்க்காஸின் அலசல் பிடித்துப்போகிறது.

எதை வாங்கினாலும் பட்டிங் எண்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழ் சாதாரணப் போனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரை முன்னே பின்னே இருக்கும். 200 கஜ அடியில் அது பெரிய விஷயமில்லை. எட்டடி என்பதோ இரண்டரை மீட்டர்கூட இல்லை. அளக்க வேண்டியதைவிட அளவுகோலின் பிழை பெரியது! மரங்கள் நெருங்கிய மலை மைதானங்களில் இன்னும் மோசம். அதனால் முதல் பட்டின் தூரத்தைக் காலடியால் எண்ணி, ஆட்டம் முடிந்தபின் கையால் திருத்திவிடுங்கள். கொடி இருந்த இடத்தையும் அப்படியே. இதைச் செய்யாதவர்களின் பட்டிங் கணக்கு ஜோசியம்தான்.

இன்னொன்று, ஊட்டி. கோடையில் பாதிப் பேர் அங்கே போய்விடுகிறீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அதே மட்டையில் பந்து நூற்றுக்கு எட்டு, ஒன்பது கஜம் கூடுதலாகப் போகும். ஒரு வாரம் அங்கே ஆடிவிட்டு, சென்னை நந்தனம் மைதானத்துக்கு வந்து அந்தச் சராசரியை நம்பினால், ஒவ்வொரு கிரீனுக்கும் முன்னாலேயே பந்து விழும். கொடைக்கானலுக்கும் இதே கதைதான். மலை ரவுண்டுகளை மட்டைத் தூரக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆப் தானாகச் சரி செய்துகொள்ளும் என்று விளம்பரம் சொன்னாலும், நீக்குவதே நல்லது.

போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு: 2019 முதல், போட்டிக் குழு தடை போட்டிருந்தாலொழிய, கருவியில் தூரம் பார்ப்பதற்கு விதியில் அனுமதி உண்டு. மேடுபள்ளத்தை அளப்பதோ, பந்து கிடக்கும் இடத்தை வைத்து எந்த மட்டை, எந்தத் திசை என்று கருவியிடம் யோசனை கேட்பதோ கூடாது. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) முதல் முறைக்கு இரண்டு அடி பெனால்டி, மறுமுறை தகுதி நீக்கம். டிராக்கர் ஆப்கள் பலவற்றில் இந்த 'யோசனை' வசதி இருக்கிறது. டீக்குப் போகும் முன்பே அணைத்துவிடுங்கள். பக்கத்து ஆட்டக்காரர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

பணம். பெட்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று வருடச் சந்தாவைக் கூட்டிப் பாருங்கள். டாலரில் சந்தா என்றால் ரூபாய் இறங்கும்போதெல்லாம் அதுவும் ஏறும். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் இறுகியதிலிருந்து வெளிநாட்டுச் சந்தாக்கள் தானாகப் புதுப்பிக்காமல் நின்றுபோவதும் நடக்கிறது. நின்றுவிட்டால் பழைய ரவுண்டுகள் கண்ணுக்குத் தெரியுமா, கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பழைய நிறுவனம் ஒன்று சேவையை நிறுத்தியபோது, இரண்டு வருடப் பதிவை ஒரே இரவில் இழந்தவர் எங்கள் பங்குதாரரேதான். அமெரிக்காவிலிருந்து மருமகன் வாங்கி வந்தால் மலிவு என்பது உண்மை. ஆனால் சென்சார் ஒன்று கெட்டால் வாரன்ட்டிக்கு மறுபடி மருமகன்தான் போக வேண்டும்.

உங்கள் மைதானம் அந்த ஆப்பின் பட்டியலில் இருக்கிறதா, கிரீன்கள் இப்போது இருக்கும் இடத்தில்தான் காட்டுகிறதா என்பதை இலவசக் கணக்குத் திறந்து பார்த்துவிட்டே கடைக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வரும்போது மட்டைப் பையை முழுதாகக் கொண்டு வாருங்கள், பட்டரையும் சேர்த்து. சில தடித்த பட்டர் கிரிப்களின் நுனியில் துளை வேறு அளவில் இருக்கும். டேக் திருகினால் ஆடும், அல்லது ஏறவே ஏறாது. அதற்கு வழி செய்து தருகிறோம். கிரிப் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு, அப்புறம் சென்சார் போடுவோம். இல்லாவிட்டால் இரண்டு முறை கழற்ற வேண்டும். எங்களிடம் டேக்குகளோடு ஒரு கடிகாரம் இரவல் கொடுக்கவே வைத்திருக்கிறோம். இரண்டு ரவுண்டுக்கு எடுத்துப் போகலாம், வாடகை இல்லை. ஒரே ஒரு செட்தான் இருப்பதால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். திருப்பித் தரும்போது டேக்குகளை எண்ணித் தாருங்கள். போன மாதம் போனது சாண்ட் வெட்ஜ் மட்டையின் டேக், இன்னும் வந்து சேரவில்லை.

அன்புடன்,
உங்கள் கோல்ஃப் கடையினர்