பணம் கட்டும் முன்பே விண்ணப்பியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான் (மண்டலப் புற்றுநோய் மையம்) போகிறார்கள். சென்னையைவிடப் பக்கம், மலையாளமும் பலருக்குத் தெரியும். போவதில் தவறில்லை. காகிதங்களைச் சரிசெய்யாமல் போவதால்தான் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகிறது. நோயாளிகளின் வீட்டாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதியும், ஏழை நோயாளிகளுக்கான ராஷ்ட்ரீய ஆரோக்ய நிதியும் ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதில்லை. இனி ஆகப்போகும் செலவுக்கு மட்டுமே தருவார்கள், அதுவும் மருத்துவமனையின் கணக்குக்கே போகும். நகையை அடகு வைத்து மூன்று கீமோ முடித்துவிட்டுப் பில்லோடு வருகிறவர்களுக்கு மிச்சமுள்ள சுற்றுகளுக்குத்தான் எழுத முடியும். ஆகவே சிகிச்சை என்ன என்று முடிவான அன்றே டாக்டரிடம் எஸ்டிமேட் கேளுங்கள். நோயின் பெயர், நிலை, சிகிச்சை முறை, எத்தனை சுற்று, மொத்தத் தொகை, மருத்துவமனை எண், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நகலை ஏற்க மாட்டார்கள் என்பதால் இரண்டு மூன்று அசலாகவே வாங்கி வையுங்கள். கூடவே வருமானச் சான்று, முகவரிச் சான்று, இரண்டு போட்டோ.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பல விண்ணப்பங்கள் வருமானத்தால் அல்ல, பெயரால்தான் சிக்குகின்றன. ஆதாரில் இனிஷியல் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்காது. மகன் வீட்டில் இருக்கும் தாயின் பெயர் இன்னும் பழைய கார்டிலேயே கிடக்கும். மருத்துவமனைப் பதிவில் மலையாள உச்சரிப்புப்படி வேறொரு எழுத்துக்கூட்டு ஏறியிருக்கும். முதல் நாள் ஓ.பி. சீட்டு போடும்போதே ஆதாரைக் காட்டி, அதிலுள்ளபடியே பெயரைப் பதியச் சொல்லுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

காப்பீட்டுக் கார்டு கையில் இருந்தால் மட்டும் போதாது, அது அந்த மருத்துவமனையில் அந்தச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள குடும்பம் வேறு மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். மாநில அரசு தன் பங்காகச் சேர்த்த குடும்பங்களுக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது. நீங்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும், மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரிலும் கேட்டுவிட்டு அட்மிஷன் போடுங்கள். எல்லைக்கு அப்பால் செல்லாது என்றால் தமிழ்நாட்டில் எங்கே செல்லும் என்பதையும் அப்போதே கேளுங்கள். மருத்துவமனை மாறுகிறவர்கள் ரிப்போர்ட்டோடு பயாப்சி ஸ்லைடையும், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த பிளாக் இருந்தால் மேல் பரிசோதனைகளை அதிலேயே செய்யலாம். பல நேரங்களில் மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டியிருக்காது. ஸ்கேனுக்கும் அப்படியே, ஃபிலிம் போதாது, சி.டி. வேண்டும்.

மருந்து விலை கடைக்குக் கடை மாறும். 2024 ஆகஸ்டில் கேரள அரசு காருண்யா மருந்தகங்களில் லாபமில்லாத விலைக்குப் புற்றுநோய் மருந்து விற்கத் தொடங்கியது. வெளியில் வாங்கும் முன் அங்கே விலை கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 360 மில்லிகிராம். 440 மில்லிகிராம் குப்பியில் 80 மிஞ்சும். குப்பியோடு வரும் கிருமித்தடை நீரில் கரைத்து 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 28 நாள் வரை தாங்கும் என்பதால் அடுத்த சுற்றுக்கும் உதவும். அதை மருத்துவமனைதான் வைத்திருக்க வேண்டும், வீட்டு ஃப்ரிட்ஜ் கூடாது. கேட்டால்தான் தெரியும், தயங்காமல் கேளுங்கள். கடை பில்கள் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

ரேடியேஷன் என்றால் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் ஆகலாம். அறை வாடகையைவிடக் குழித்துறையிலிருந்து ரயிலில் போய்வருவது மலிவு, நோயாளிக்குத் தெம்பு இருந்தால். ரயில் நேரத்துக்கு ஏற்ற நேரம் ஒதுக்கித் தரும்படி தொடக்கத்திலேயே கேட்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ரயில்வே சலுகை உண்டு: ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழு விலக்கு, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் படிவத்தோடு ஸ்டேஷன் கவுன்ட்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கீமோ முடிந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம். பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்ப்பவர்கள் கடைசியில் ஐ.சி.யு. பில் கட்டுகிறார்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ராத்திரி என்றால் திருவனந்தபுரம் வரை ஓட வேண்டாம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய், கீமோ எடுத்த தேதியை முதலில் சொல்லுங்கள்.

உதவ நினைக்கும் உறவினர்களும் சபையாரும் பணத்தைக் கையில் தருவதைவிட, நோயாளியின் எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனையிலேயே கட்டி ரசீது வாங்கிக் கொடுக்கலாம். கணக்கும் தெளிவாக இருக்கும், அந்தப் பணத்தைக் கேட்டுப் பழைய வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கவும் மாட்டார்.

காப்பீட்டு அட்டைக்காக விளவங்கோடு, கிள்ளியூர் வட்டத்து மக்கள் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு நாளாவது குழித்துறையில் அட்டைப் பதிவும் பெயர்த் திருத்தமும் ஒரே இடத்தில் நடக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்தச் சிகிச்சை எல்லைக்கு அப்பால் செல்லும் என்ற பட்டியலையும் அங்கே தமிழில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளிகள் உதவிக்கான தன்னார்வலர்கள் சிலர்,
மார்த்தாண்டம்.