ஷ்னைடர் தோற்றவரா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மா அனுப்பின பார்சல் வந்து சேர்ந்ததோ?

போன கிழமை கதைக்கும்போது, "ஷ்னைடர் ஃபோர்முலா வன்னில் ஓடத் தெரியாமல் டிடிஎம்முக்கு வந்தவர்தானே அப்பா" என்று சொல்லிப்போட்டு போனை வைத்துவிட்டாய். (டிடிஎம் என்றால் வீதிக் கார் மாதிரிக் கார்கள் ஓடும் ஜெர்மன் பந்தயத் தொடர்.) பகிடிதான். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை.

கார்ப் பந்தயச் சாரதி பேர்ண்ட் ஷ்னைடர், ஜெர்மனியில் எங்கள் சார்லாந்து மாநிலத்துக்காரர். 1964இல் சங்க்ட் இங்பேர்ட்டில் பிறந்தவர். 1987இல், ஃபோர்முலா வன்னுக்குக் கீழ்ப்படியான ஜெர்மன் ஃபோர்முலா த்ரீயில் சாம்பியன். அடுத்த வருடம் சாக்ஸ்பீட் அணியில் ஃபோர்முலா வன்.

1989இல் நடந்ததைக் கேள். கார்கள் கூடிப்போனதால் பின்தங்கின அணிகளுக்கு வெள்ளிக்கிழமை விடியவே ஒரு மணித்தியால வடிகட்டல். 13 கார் ஓடும், 4 காருக்குத்தான் இடம். மிச்சப் பேர் மத்தியானத்துக்கு முன்னமே சாமான் கட்ட வேண்டியதுதான். அந்த யமஹா எஞ்சினோடு 16 பந்தயத்தில் இரண்டே இரண்டில், பிரேசிலிலும் ஜப்பானிலும், ஷ்னைடர் தப்பினார். அதே அணியில் ஓடின அகுரி சுசுகிக்கு அதுவுமில்லை. அந்தச் சுசுகிதான் அடுத்த வருடம் வேறு காரில் ஜப்பானில் மூன்றாமிடம் வந்தார். பிழை சாரதியிலோ காரிலோ, நீயே சொல்லு.

ஷ்னைடருக்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, அது உண்மை. பிறகு மெர்சேடெஸ், அதன் கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் ஏஎம்ஜியோடு டிடிஎம். 1995இல் பட்டம். 1996 முடிய ஓப்பலும் அல்ஃபாவும் விலகின, போட்டியே நின்றுபோனது. இடையில் சும்மா இருக்காமல் 1997இல் எஃப்ஐஏ ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயத் தொடரின் பட்டத்தை எடுத்தார். 2000இல் டிடிஎம் திரும்பி வந்தது. அந்த வருடமும் அவர்தான். பிறகு 2001, 2003, 2006. கடைசிப் பட்டம் 42 வயதில். அந்த வயதில் எனக்குப் படியேறவே மூச்சு வாங்கியது.

(அதே மெர்சேடெஸ் அணியில் ஓடின எல்லென் லோரையும் தேடிப் பார். 1992இல் ஹொக்கன்ஹைம் பந்தயத் திடலில், முன்னாள் ஃபோர்முலா வன் உலக சாம்பியன் கேகே ரோஸ்பேர்க்கை முந்தி வென்றவ. டிடிஎம்மில் வென்ற ஒரே பெண் அவதான்.)

ஷூமாக்கர் மாதிரி உலகம் முழுக்கப் பேர் இல்லைத்தான். ஆனால் இங்கே அவரை "மிஸ்டர் டிடிஎம்" என்றுதான் சனம் சொல்லும். 2008இல் டிடிஎம்மை விட்டு விலகினபோது 43 வெற்றி. ஹொக்கன்ஹைம் மோட்டோட்ரோமில் எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர், மெர்சேடெஸின் போட்டியான ஔடியின் தொப்பி போட்ட மனுசன், ஷ்னைடரின் கார் வரும்போதெல்லாம் எழும்பி நின்று கைதட்டினார். "எதிரியல்லவா?" என்று கேட்டேன். "அதனால்தான்" என்றார்.

விலகினவர் வீட்டில் இருந்தாரோ? 2013இல் துபாய் 24 மணி, பத்தர்ஸ்ட் 12 மணி, நூர்பேர்க்ரிங் 24 மணி, ஸ்பா 24 மணி, இந்த நாலு நெடுநேரப் பந்தயத்தையும் மெர்சேடெஸ் எஸ்எல்எஸ் காரில் மற்றவர்களோடு சேர்ந்து வென்றார். ஒரே வருடத்தில்!

இனி உன் பதிலைச் சொல்லு. வட்சப்பில் சிரிப்புப் படம் மட்டும் அனுப்பாதே, எழுது.

அன்புடன்,
அப்பா