பூனைக்கண் என்று விட்டுவிட வேண்டாம்

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய்க்குக் கண்ணை எடுக்காமலேயே சிகிச்சை தரும் முறைகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கண்ணுக்குப் போகும் தமனியிலேயே கீமோ மருந்தை விடுவது, லேசர், பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ள, கண்ணில் பொருத்திக் கட்டிக்குக் கதிர்வீச்சு தரும் ருத்தேனியம்-106 தகடு, எல்லாம் சரி. கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தானே இவற்றால் முழுப் பயன்? இங்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருக் குழந்தைக்கு, ஃபிளாஷ் போட்டு எடுத்த செல்போன் படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தது. அந்த வெள்ளைதான் இந்நோயின் அறிகுறி என்பது யாருக்கும் தெரியவில்லை. ‘பூனைக்கண், அதிர்ஷ்டம்’ என்றார்கள் பெரியவர்கள். கேமரா கோளாறு என்றார் படம் எடுத்த மாமா. பாலக்காடா, கோவையா என்று பேசி முடித்துக் கிளம்புவதற்குள் கண்ணை எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. (உயிர் பிழைத்தாள், அதுவே பெரிது.)

இந்நோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. அந்த வயதில் தடுப்பூசிக்காக எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். அன்றைக்கே விளக்கைக் குறைத்து, ஆப்தல்மோஸ்கோப் (கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவி) ஒளியில் இரு கண்களும் ஒரே மாதிரி சிவப்பாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடலாம். சந்தேகம் என்றால் எங்கே போக வேண்டும் என்பதை இந்த எல்லைப் பகுதியில் மலையாளத்தோடு தமிழிலும் அச்சடித்துத் தர, கேரள சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை