வலக்கை அசையவில்லை: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

மகன் வலக்கையைத் தூக்குகிறான் இல்லை என்று நீ சொன்ன நாள் முதல் சொந்தக்காரர் எல்லாரும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "டொக்டர் பிடிச்சு இழுத்திட்டார்" என்கிறார் மாமா. "பிள்ளை பெரிசு, அதுதான்" என்று வாட்டில் சொன்னார்களாம். எனக்கு இரண்டுமே போதாது.

பிரசவத்தில் பிள்ளையின் தலை வந்த பிறகு தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டினால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபடலாம். டிஸ்சார்ஜ் துண்டில் எழுதியிருக்கும் 'ஏர்ப்ஸ் பால்சி' அதுதான். இப்படி மாட்டும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் 4 கிலோவுக்குக் குறைந்தவர்கள். அதனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று எப்போதும் சொல்ல ஏலாது. ஆனால் உனக்குக் கர்ப்பத்தில் சீனி வருத்தம் இருந்தது. பிள்ளை பெரிதாகலாம், சிசேரியன் யோசிக்கலாம் என்று கிளினிக்கில் யாராவது உன்னோடு கதைத்தார்களா? அதைக் கேட்பது நியாயம்.

மாட்டிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் பெரிய கேள்வி. தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்குவது, அடிவயிற்றில் அழுத்துவது, பிள்ளையின் பின்பக்கக் கையை முதலில் எடுப்பது என்று முறைகள் உண்டு. மேல்வயிற்றை அமுக்குவதும் தலையைப் பக்கவாட்டில் பலமாக இழுப்பதும் கூடாது. தலை வந்த நேரம், உடம்பு வந்த நேரம், யார் யார் நின்றார்கள், எந்தத் தோள் முன்பக்கம் இருந்தது எல்லாம் பிரசவக் குறிப்பில் இருக்க வேண்டும். மாமாவுக்கு இந்தக் கடைசி விஷயம் பிடிக்காது: அடிபட்டது பின்பக்கத் தோள் என்றால், இழுத்ததால் வந்தது என்று காட்டுவது கஷ்டம். வலியின் தள்ளலே காரணமாகியிருக்கலாம்.

நீதிமன்றமும் தவறு நடந்ததா, அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்ததா என்று இரண்டையும் கேட்கும். மூளைக்கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் வழக்கில், வைத்தியரின் கவனக்குறைவுதான் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என 2001இல் இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது. தகப்பன் தோற்றார். இலங்கை மருத்துவ சபைக்கு முறைப்பாடு செய்யலாம், ஆனால் அது வைத்தியரின் நடத்தையைப் பார்க்குமே தவிர நட்டஈடு தராது. வழக்குக்குப் பொதுவாக 2 வருடக் கெடு. சிறுவர்களுக்கு விதிவிலக்கு உண்டுதான், அதை நம்பிக்கொண்டு இராமல் இப்போதே ஒரு சட்டத்தரணியைக் கேள்.

அதற்கு முதல் கடதாசிகள் வேண்டும். அரச ஆஸ்பத்திரிதானே, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெட் ஹெட் டிக்கெட் (வாட்டில் எழுதும் சிகிச்சைக் குறிப்பு) முழுவதையும், பிள்ளையின் இதயத்துடிப்புப் பதிவுத் தாளையும் சேர்த்துக் கேள்.

இதற்கிடையில் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் அலைவது களைப்பு என்று இயன்மருத்துவக் கிளினிக்கை விட்டுவிடாதே. அனேகமான பிள்ளைகளுக்கு கையின் அசைவு திரும்பி வரும். 3 மாதமாகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டச் சொல்லிக் கேள்.

விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து வைத்தால் போதும். வாட்டு இலக்கத்தையும் டிஸ்சார்ஜ் துண்டின் படத்தையும் இன்றைக்கே வட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா