குளத்தை மூடும் முன்: லாஸ் ஏஞ்சலஸ் சமூக மையங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். செலவைக் குறைக்க உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது நீச்சல்குளம்தான் என்பது, குளங்களில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் எங்களுக்குத் தெரியும். குளத்தை மூட வாக்களித்துக் கை தூக்குவதற்கு முன் உங்கள் ஊர்க்காரரான ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

லென்னி கிரேஸல்பர்க் 1975இல் அன்றைய சோவியத் உக்ரைனின் ஒடெஸாவில் பிறந்தவர். 1989இல் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது ஆங்கிலம் தெரியாது. சேர்ந்த பள்ளியில் நீச்சல் அணியும் இல்லை. பயிற்சிக்காகப் பக்கத்து ஊரான சாண்டா மோனிகாவுக்குப் பஸ் ஏறிப் போனார். வெஸ்ட்சைடு யூத சமூக மையத்தில் லைஃப்கார்டாக (குளத்தில் நீந்துவோரைக் காக்கும் காவலராக) வேலை பார்த்துக்கொண்டே நீந்தினார். சாண்டா மோனிகா கல்லூரியில் அவரைக் கவனித்த பயிற்சியாளர் ஸ்டூ புளூம்கின், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் பயிற்சியாளர் மார்க் ஷூபர்ட்டிடம் சொல்லி அனுப்பினார். 1999இல் சிட்னியில் மல்லாந்த நீச்சலின் 50, 100, 200 மீட்டர் மூன்றிலும் உலக சாதனை. மறு ஆண்டு அதே ஊரில் மூன்று ஒலிம்பிக் தங்கம்.

2005இல் அவர் தன் நீச்சல் பள்ளியைத் தொடங்கிய இடம், லைஃப்கார்டாக நின்ற அதே வெஸ்ட்சைடு மையம். ஒலிம்பிக் வீரர் போட்டி அணிதான் அமைப்பார் என்று எவரும் நினைத்திருப்பார்கள். அவர் கையில் எடுத்தது சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதை. தொழிலாகப் பார்த்தாலும் அதுதான் சரியான கணக்கு. குளத்தின் ஒரு மூலையில் ஓர் ஆசிரியர், நான்கு பிள்ளைகள், அரை மணி வகுப்பு என்றால் மணிக்கு எட்டுக் கட்டணம். அதே மூலையில் பெரியவர் ஒருவர் நீந்தினால் ஒரே கட்டணம்.

ஆனால் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். போட்டிக் குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சூடு போதாது, சீக்கிரமே உதடு நீலம் பாரிக்கும். நடுங்கும் பிள்ளை தோளை இறுக்கும், இறுக்கினால் மிதக்காது. "பிள்ளை பயப்படுகிறாள்" என்று பெற்றோர் சொல்வதில் பாதி குளிர்தான். சூடு வெளியேறுவது பெரும்பாலும் ஆவியாக, மேற்பரப்பு வழியாக. அதனால் கொதிகலனை மாற்றப் பணம் தேடும் முன் இரவில் குளத்தின் மேல் விரிப்புப் போடுங்கள். சூடான நீரில் குளோரின் சீக்கிரம் தீரும் என்பதால் அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். கண்ணை எரிக்கும் அந்த நெடி குளோரின் கூடிப்போனதால் வருவதல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் அது கலப்பதால் வருவது. குளத்தில் இறங்குமுன் எல்லோரும் குளித்தாலே பெருமளவு குறைந்துவிடும்.

மல்லாந்து மிதப்பதுதான் முதல் பாடம். காதுக்குள் தண்ணீர் போனதும் பிள்ளை தலையைத் தூக்கும். தலை எழுந்தால் இடுப்பு அமிழும். பிடரியின் கீழ் உள்ளங்கை வைத்து, கூரையைப் பார்க்கச் சொல்லி, பிறகு இரண்டு விரல், பிறகு ஒரு விரல் என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதுகைத் தாங்கினால் பிள்ளை கையின் மேல் படுத்துக்கொள்ளும், தண்ணீரின் மேல் அல்ல. இதற்கு ஆசிரியர் குளத்துக்குள் இறங்கி நிற்க வேண்டும். கரையில் நின்று விசில் ஊதுபவரால் முடியாது. மல்லாந்து நீந்தத் தொடங்கியதும், சுவரிலிருந்து 5 மீட்டரில் குளத்துக்கு மேலே குறுக்காகக் கட்டிய கொடித் தோரணம் கட்டாயம். கொடி தெரிந்ததிலிருந்து எத்தனை கை வீச்சில் சுவர் வரும் என்று பிள்ளை எண்ணிப் பழகும். கொடியில்லாத குளத்தில் தலைதான் முதலில் சுவரைத் தொடும்.

இனி இலவச இடங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைக்காதீர்கள். ஆசிரியர் குறைந்த வாரம் முதலில் ரத்தாவது அதுதான். கட்டணம் கட்டும் வகுப்பிலேயே நாலில் ஓர் இடத்தை ஒதுக்குங்கள், யார் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டாம். இலவசம் என்றதும் சேரும் பிள்ளை சில வாரங்களில் நின்றுவிடுவது பெரும்பாலும் ஆர்வக் குறைவால் அல்ல. கூட்டிவர ஆளில்லை, இல்லையென்றால் நீச்சலுடை இல்லை. பஸ் வரும் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தை வையுங்கள். கண்ணாடியும் உடையும் அலமாரியில் இருக்கட்டும். பஸ்ஸில் வந்த ஒரு பையன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பது உங்கள் ஊருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு மூடுவதென்றே முடிவானால், தண்ணீரை மட்டும் வடித்துவிடாதீர்கள். வெறுங்குளத்தை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும். குளத்தின் உட்பூச்சு காய்ந்து வெடிக்கும். பம்பைத் தினமும் சில மணி நேரமாவது ஓடவிடுங்கள். அடுத்த குழுவால் அதைத் திறக்க முடியும்.

அன்புடன்,
நீச்சல் கற்றுத்தரும் ஆசிரியர்கள்