மெகாபிட்டா, மெகாபைட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய இணைப்பு பற்றிய செய்திகளில் ‘100 எம்.பி. வேகம்’ என்று பொத்தாம்பொதுவாக அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. கணினி சர்வீஸ் கடை நடத்துபவன் என்பதால், இதனால் வரும் குழப்பத்தை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

நிறுவனங்கள் விற்பது வினாடிக்கு 100 மெகாபிட். ஃபைல் இறங்கும்போது கணினி பெரும்பாலும் காட்டுவதோ மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக, எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் அந்த இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 4 ஜிபி ஃபைல் 40 வினாடியில் இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பவர், ஐந்து நிமிடம் தாண்டியும் முடியாததைப் பார்த்து, லைன் போட்டுக் கொடுத்த பையனிடம் சண்டைக்குப் போகிறார். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன ‘பி’ என்றால் பிட், பெரிய ‘பி’ என்றால் பைட். தமிழில் அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் முழுச்சொல்லாக எழுதுவதுதான் சரி.

இதைவிட என்னை உறுத்துவது மொபைல் திட்டங்கள். அன்றைய டேட்டா தீர்ந்த பிறகும் நெட் உண்டு என்கிறார்கள். பல திட்டங்களில் அப்போதைய வேகம் வெறும் 64 கிலோபிட், அதாவது வினாடிக்கு 8 கிலோபைட். கல்லூரி விண்ணப்பத்துக்காக 2 எம்பி அளவுள்ள பிடிஎஃப் ஒன்றை ஒரு மாணவி இறக்க வேண்டுமென்றால், சிக்னல் முழுசாக இருந்தாலும் நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் அறுந்தால் பல தளங்களில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். 2023-இல் மத்திய அரசு, பதிவிறக்க வேகம் குறைந்தது 2 மெகாபிட் இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. இவர்கள் கொடுப்பது அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் விளம்பரத்தில் அந்த 64 மட்டும் பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது.

தங்கள் இதழ் செய்திகளில் இனி மெகாபிட், மெகாபைட் என்று பிரித்தே எழுத வேண்டுகிறேன். விளம்பரம் தரும் நிறுவனங்களிடமும், டேட்டா தீர்ந்த பிறகு கிடைக்கும் வேகத்தை முதல் வேகத்தின் அதே எழுத்தளவில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

— வாசகர், விருதுநகர்