சனிக்கிழமை ஹெப்வொர்த் வீட்டுக்கும் போகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸ் வரை போய்விட்டு, சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் வீட்டைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். 1949 முதல் 1975-இல் தீ விபத்தில் இறக்கும்வரை அவர் அங்கேதான் இருந்தார், மறு வருடமே வீடு அருங்காட்சியகமாகிவிட்டது, 1980 முதல் டேட் (Tate) கலைக்கூட அமைப்பின் பொறுப்பு. உள்ளே இருப்பதைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். தோட்டத்துக்குத்தான் நேரம் வேண்டும்: செடிகொடிகளுக்கு நடுவே வெண்கலச் சிலைகள், பலவும் அவரே வைத்த இடத்தில். ‘ஃபோர்-ஸ்குவேர்’ என்ற சிலைக்குள் நாமே நுழைந்து நடக்கிற அளவு பெரிது. அப்புறம் அந்தப் பட்டறை. உளிகள், வேலை முடியாத கற்கள், தொங்கும் வேலை அங்கி... டீ குடிக்கப் போனவர் இப்போது வந்துவிடுவார் போலிருக்கும். ஊருக்குள் கார் நிறுத்துவது பெரும்பாடு, அதனால் செயின்ட் எர்த்தில் ரயில் மாறிப் போவோம், வழியெல்லாம் கடல். வருகிறவர்கள் இன்றிரவுக்குள் பெயர் போடுங்கள்.